மதினி கொடுத்த நூலும் குல்லா வைத்த ஸ்வெட்டரும்

கடையில் நூல் வாங்கிப் பின்னுகிறவர்கள் என்ன பின்னுவது என்பதை முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு அதற்கு எத்தனை கிராம் வேண்டும் என்று பார்த்து வாங்குகிறார்கள். நடுவில் குறைந்துவிட்டால் இன்னும் ஓர் உருண்டை வாங்கிக்கொள்கிறார்கள். அன்பளிப்பாக வந்த நூலுக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. வந்தது எவ்வளவோ அவ்வளவுதான். அதே மந்தையின் கம்பளி அதே நிறத்தில் மறுபடி கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நூலின் எடை, நீளம், குணம் ஆகியவற்றை முதலில் தெரிந்துகொண்டு, அவற்றுக்குள் அடங்கும்படி உடுப்பை அமைக்க வேண்டியிருக்கிறது. குல்லா வைத்த ஒரு ஸ்வெட்டரை அப்படிப் பின்னி முடித்திருக்கிறேன். அதன் கணக்கையும் காரணங்களையும் விரிவாக எழுதி வைத்தால், இதேபோல் யாரோ கொடுத்த நூலைப் பையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

நூலைக் கொடுத்தவர் என் மதினி. அண்ணனும் அவரும் நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்தில் வசிக்கிறார்கள். ஊருக்கு வந்தபோது, சாயம் ஏற்றாத, பாலேடு நிறத்தில் இருந்த ஆறு சிட்டங்களை, அதாவது வளையம் வளையமாகச் சுற்றிய நூல் கட்டுகளை, துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். பண்ணையிலேயே ஆடு வளர்த்து நூலும் விற்கிறவர்களிடம் வாங்கியதால் மேலே எந்தச் சீட்டும் இல்லை. ஒவ்வொரு சிட்டமும் நான்கு இடங்களில் நூலால் கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆட்டின் ரகம் காரிடேல் என்பதை மட்டும் மதினி கேட்டு வைத்திருந்தார். "இதை மிஷின்ல மட்டும் போட்டுராத. மத்ததெல்லாம் உன் இஷ்டம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிச் செய்தி இருந்தது. கம்பளி இழையின் மேற்பரப்பில் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுநீர், சோப்பு, அலசல் மூன்றும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி இறுகிச் சுருங்கிவிடுகிறது. அதன் பிறகு எதைச் செய்தாலும் பழைய அளவுக்கு விரியாது. இயந்திரத்தில் துவைக்கக்கூடியது என்று விற்கப்படும் கம்பளி நூலில் இந்தச் செதில்களை வேதிமுறையில் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சும் கொடுத்திருப்பார்கள். அந்த நூல் வழுவழுப்பாக இருக்கும், ஆனால் நனைந்தால் தொய்ந்து நீளும். மதினி கொடுத்தது அப்படிப் பதம் செய்யாத நூல். கனமான உடுப்புக்கு அதுவே நல்லது, ஏனென்றால் பின்னலின் கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்காமல் நிற்கும்.

காரிடேல் என்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் லிங்கன் கடாக்களையும் மெரினோ பெட்டைகளையும் இணைத்து உருவாக்கிய ரகம். இறைச்சிக்கும் கம்பளிக்கும் சேர்த்து வளர்க்கப்படுவது. இழை மெரினோவைவிடச் சற்றுப் பருமனாகவும் நீளமாகவும் இருப்பதால், கழுத்தில் பட்டால் மெரினோ அளவுக்கு மெத்தென்று இருக்காது. ஆனால் முழங்கை உரசும் இடத்தில் எளிதில் பிசிறு திரளாமல் உழைக்கும். தினமும் போட்டுக்கொள்ளும் உடுப்புக்கு எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று என்னைக் கேட்டால், காரிடேலையே சொல்வேன்.

சிட்டத்தை உருண்டையாகச் சுற்றுவதற்கு முன்பே அதன் நீளத்தை அளந்துவிட வேண்டும். சிட்டத்தை விரித்துப் பிடித்தால் அது ஒரே அளவான வளையங்களின் கட்டு என்பது தெரியும். ஒரு வளையத்தின் சுற்றளவு 150 செ.மீ. இருந்தது, வளையங்களை எண்ணினால் 133 வந்தது, பெருக்கினால் ஏறத்தாழ 200 மீட்டர். சமையலறைத் தராசில் வைத்தபோது ஒரு சிட்டம் 100 கிராம் காட்டியது. ஆக, என்னிடம் இருந்தது 600 கிராம், 1,200 மீட்டர். 100 கிராமுக்கு 200 மீட்டர் என்றால் நடுத்தரப் பருமன். நியூசிலாந்தில் எட்டுப் பிரி என்று சொல்கிற வகையை ஒட்டி வரும். அளந்து முடித்த பிறகு ஸ்டூலைக் கவிழ்த்து நான்கு கால்களிலும் சிட்டத்தை மாட்டிச் சுற்றினேன். கட்டியிருக்கும் நூல்களை, சிட்டத்தை மாட்டிய பிறகே வெட்ட வேண்டும். முன்னதாக வெட்டினால் 200 மீட்டரும் சிக்காகிவிடும்.

குல்லா வைத்ததையே பின்ன வேண்டும் என்று நான் தீர்மானித்ததற்குக் காரணம் கொடைக்கானல். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் ஐப்பசி தொடங்கிவிட்டால் பனிமூட்டம் பகலிலும் தெருவுக்குள் வந்துவிடும். மார்கழி, தை இரவுகளில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். மழை பெய்யாமலேயே தலை நனைகிற ஊரில் குடை உதவாது. கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாமல் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடும். கடைவீதியில் தொங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை லூதியானா போன்ற வடநாட்டு ஊர்களிலிருந்து வரும் அக்ரிலிக். விலை குறைவு, துவைப்பது எளிது. ஆனால் பனிமூட்டத்தில் அரைமணி நேரம் பேருந்துக்குக் காத்திருந்தால் வித்தியாசம் தோளில் தெரிந்துவிடும்.

கம்பளி நமக்கு அந்நியமான பொருள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்குகிறது. பாரத் மெரினோ ஆடுகள் அங்கே புல்வெளியில் மேய்வதைப் பார்க்கலாம். நீலகிரியிலோ 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ, செவியட் முதலிய வெளிநாட்டு ரகங்கள் கலந்து உருவான நீலகிரி ஆடு என்ற தனி ரகமே உண்டு. அந்தக் கம்பளி பின்னல் நூலாக எங்கள் கடைகளுக்கு வந்து சேர்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பின்னலுக்கு வருகிறேன். முதல் வேலை மாதிரித் துண்டு. இதைப் பலர் நேரம் வீணென்று தவிர்க்கிறார்கள். அளந்து வந்த நூலில் இதைத் தவிர்க்கவே கூடாது. இந்தப் பருமன் நூலுக்கு வழக்கமாக 4 மி.மீ. ஊசியைச் சொல்வார்கள். எனக்குத் துணி விறைப்பாக இல்லாமல் குழைந்து விழ வேண்டியிருந்ததால் 4.5 மி.மீ. ஊசியில் 20 செ.மீ. சதுரமாகப் பின்னினேன். அதை வெதுவெதுப்பான நீரில், பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, விரித்துக் காயப்போட்டேன். பட்டுக்கும் கம்பளிக்கும் நம் வீடுகளில் பூந்திக்கொட்டை போடுவது வெறும் பழக்கம் அல்ல. சலவைச் சோடாவின் காரம் கம்பளி இழையை அரிக்கும், பூந்திக்கொட்டையில் அந்தக் காரம் இல்லை. நனைத்ததும் நூலிலிருந்து ஆட்டு வாடை எழுந்தது. பண்ணை நூலில் ஆட்டுக் கொழுப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஓரிரு சலவையில் வாடை போய்விடும், இழையின் மென்மை கூடும்.

காய்ந்த பிறகு 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணிகளும் 10 செ.மீ. உயரத்தில் 28 வரிசைகளும் இருந்தன. அளந்ததோடு நிறுத்திவிடாமல் துண்டைத் தராசிலும் வைத்தேன்: 20 கிராம். இந்த ஒரு எடைதான் மொத்தத் திட்டத்துக்கும் அடிப்படை. 400 சதுர செ.மீ. துணிக்கு 20 கிராம் என்றால் ஒரு கிராமுக்கு 20 சதுர செ.மீ. துணி கிடைக்கும். மனத்தில் இருந்த ஸ்வெட்டரைக் காகிதத்தில் வரைந்து பரப்பைக் கணக்கிட்டேன்: தோள் பகுதி 2,400, அக்குளுக்குக் கீழே உடல் 3,850, இரண்டு கைகளும் சேர்ந்து 2,670, குல்லா 1,560. கூட்டினால் ஏறத்தாழ 10,500 சதுர செ.மீ.; நூல் 525 கிராம். மீதி 75 கிராமில் பையும் ஓரப் பட்டைகளும் அடங்க வேண்டும். இடம் நெருக்கம்தான், ஆனால் முடியும். இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியிருந்தால், ஒரு கை முடிந்து மறு கை பாதியில் நிற்கும்போதுதான் நூலின் அளவு தெரிந்திருக்கும்.

என் மார்பளவு 92 செ.மீ. ஸ்வெட்டரின் சுற்றளவை 104 என்று வைத்தேன். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போட்டாலும் 12 செ.மீ. தளர்ச்சியில் கையைத் தூக்கலாம், குனியலாம். சுற்றளவு 104 என்றால் 208 கண்ணி. இந்த ஒரு எண்ணிலிருந்தே மற்றவற்றைப் பெறும் வழியை, இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பின்னல் ஆசிரியை எலிசபெத் சிம்மர்மேன் (1910–1999) பரப்பினார். உடலை நூறு விழுக்காடு என்று கொண்டால் கழுத்துக்கு 40, மணிக்கட்டுக்கு 20 என்பது அவர் காட்டிய விகிதம். அதன்படி கழுத்துக்கு 84, மணிக்கட்டுக்கு 42 கண்ணி. யாரோ எழுதிய வடிவத்தை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றாமல் தன் நூலுக்கும் தன் உடம்புக்கும் ஏற்பப் பின்ன விரும்புகிற எவருக்கும் இந்த விகிதங்கள் போதும்.

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது என்பது அடுத்த முடிவு. 84 கண்ணிகளை முன்னுக்கு 30, பின்னுக்கு 30, கைக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, நான்கு எல்லைகளிலும் அடையாள வளையம் மாட்டி, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று எட்டுக் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால், கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வான கோடு விழும். ராக்லான் என்று சொல்லப்படும் தோள் அமைப்பு அது. வாட்டர்லூப் போரில் வலது கையை இழந்து, பின்னர் கிரிமியப் போரில் ஆங்கிலேயப் படைக்குத் தலைமை தாங்கிய ராக்லான் பிரபுவின் பெயர் இதற்கு வந்தது. நம் ஊரில் மார்கழி வந்தால் தாத்தாக்கள் மாட்டிக்கொள்கிற மங்கி குல்லாவின் ஆங்கிலப் பெயரும் அதே போரின் பாலக்லாவா என்ற ஊரிலிருந்து வந்ததுதான். கூட்டும் சுற்றுகள் எல்லாவற்றிலும் கைகளுக்கும் கூட்டினால் மேற்கை மிக அகலமாகிவிடும். ஆகவே கடைசி மூன்றில் ஒரு பங்கில் கைப்பகுதிக்குக் கூட்டுவதைப் பாதியாக்கி, அக்குளில் சேர்க்கும் எட்டோடு 74 கண்ணியில், அதாவது 37 செ.மீ. சுற்றளவில் நிறுத்தினேன்.

கீழ்நோக்கிப் பின்னுவதன் உண்மையான நன்மை, நூல் குறைவாக இருக்கும்போதுதான் விளங்குகிறது. உடலை ஒரேயடியாக இடுப்பு வரை கொண்டுபோகாமல், 28 செ.மீ. வந்ததும் கண்ணிகளை வேறொரு நூலில் கோத்து நிறுத்தி வைத்தேன். அடுத்து குல்லா. அதன் பிறகு இரண்டு கைகள். கைகளை ஒன்று முடித்து மற்றொன்று என்று பின்னாமல், மிச்ச நூலைத் தராசில் இரண்டு சம உருண்டைகளாகப் பிரித்து இரண்டையும் மாற்றி மாற்றி வளர்த்தேன். கடைசியாகக் கையில் இருந்த நூலைக் கொண்டு உடலின் நீளத்தை முடித்தேன். ஸ்வெட்டரில் எது இரண்டு செ.மீ. குறைந்தாலும் உடுத்தலாம் என்றால் அது உடலின் நீளம் மட்டும்தான். குட்டையான கையும் நெற்றியை எட்டாத குல்லாவும் ஒவ்வொரு முறை போடும்போதும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

சாயம் ஏற்றாத நூலிலும் நிற வேறுபாடு உண்டு. ஆறு சிட்டங்களில் இரண்டு மற்றவற்றைவிடச் சற்று மஞ்சள் ஓடியிருந்தன. விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. சன்னல் ஓரத்தில் அடுத்தடுத்து வைத்தால் தெரியும். ஒரு சிட்டம் தீர்ந்த இடத்தில் அடுத்ததைத் தொடங்கினால் மார்பின் குறுக்கே கோடு போட்டதுபோல் நின்றுவிடும். ஆகவே எப்போதும் இரண்டு உருண்டைகளை வைத்துக்கொண்டு, இதில் இரண்டு சுற்று, அதில் இரண்டு சுற்று என்று மாற்றிக்கொண்டே வந்தேன். வேறுபாடு துணி முழுவதும் பரவிக் கலந்து, கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் போயிற்று.

குல்லாதான் இந்த உடுப்பின் உயிர். அதைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். வழக்கமான முறையில் நீள்சதுரமாகப் பின்னி, மேலே மடித்து இரண்டு பக்கங்களையும் இணைத்துவிடுவார்கள். எளிது, ஆனால் உச்சியில் கூம்பு நிற்கும், இறக்கி விட்டால் முதுகில் மூக்குபோல் தொங்கும். தலை உருண்டை, அதற்குத் தகுந்த உருண்டையைப் பின்னலிலேயே கொண்டுவரலாம். கழுத்துக் கண்ணிகளை எடுத்து, பின்கழுத்தின் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 100 ஆக்கி, முன்பக்கம் திறந்தபடி 26 செ.மீ. உயரம் பின்னினேன். பிறகு அந்த நூறை 35, 30, 35 என்று மூன்றாகப் பிரித்து, நடு முப்பதை மட்டும் முன்னும் பின்னும் பின்னி, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கடைசிக் கண்ணியோடு பக்கத்துக் கண்ணி ஒன்றைச் சேர்த்துப் பின்னிக்கொண்டே வந்தேன். நடுப்பட்டை உச்சியின் மேல் நெற்றியை நோக்கி ஊர்ந்து, இரண்டு பக்கங்களையும் விழுங்கிக்கொண்டே போகும். காலுறையின் குதிகாலைத் திருப்பும் அதே முறை இது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு வரிசையின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்தைவிட அதிகம். ஆகவே ஒன்றுக்கு ஒன்று என்று சேர்த்தால் பட்டை பக்கங்களைவிட நீளமாகி உச்சியில் பொங்கி நிற்கும். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது முறைதோறும் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பக்கக் கண்ணிகளைச் சேர்த்துக்கொண்டால் இரண்டும் ஒத்துப்போகும். பின்னி முடித்துத் தலையில் போட்டுப் பார்த்தபோது, பட்டையின் இரு ஓரமும் காதுக்கு மேலே நேராக ஓடியது. உச்சியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. முகத்தைச் சுற்றி, கண்ணிக்குக் கண்ணி நேர்ப் பின்னலும் எதிர்ப் பின்னலும் மாறி வரும் ரிப் பட்டையையும் சேர்த்தால், ஒரு சிட்டம் ஏறத்தாழ முழுவதும் குல்லாவுக்கே போயிற்று.

அந்த 100 கிராம் தலையில் இருக்கும்போது பாரம் தெரியாது. இறக்கி விட்டால்தான் சிக்கல்: பின்னால் தொங்கும் எடை முன்கழுத்தை மேலே இழுத்துத் தொண்டையை அழுத்தும். கடையில் வாங்கும் பல உடுப்புகளில் இந்தத் தொல்லை இருக்கிறது. பலரும் துணி கனம் என்று காரணம் சொல்கிறார்கள். உண்மையில் குறை கழுத்தின் வடிவத்தில் இருக்கிறது. நம் கழுத்தின் முன்பக்கம் தாழ்வு, பின்பக்கம் உயரம். உடுப்பும் அப்படி இருந்தால் குல்லாவின் எடை தோளில் இறங்கும். அதற்காகவே தொடக்கத்தில், பின்கழுத்தில் மட்டும் பாதி வரிசைகளாகப் போய்த் திரும்பி 3 செ.மீ. உயர்த்தியிருந்தேன். குல்லாவைச் சேர்க்கும் இடத்தில், உட்பக்கம் ஒரு பருத்தி நாடாவை வைத்துத் தைத்தேன்; கம்பளி நாளடைவில் இழுபட்டாலும் நாடா இழுபடாது. கழுத்தில் கம்பளி உறுத்துகிறவர்களுக்கும் அந்த நாடா தோலுக்கும் நூலுக்கும் நடுவே நிற்கும்.

வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் நுழைக்கும்படி ஒரே பையாக வைத்தேன். அதற்கு 25 கிராமுக்கும் குறைவாகவே ஆயிற்று. குல்லாவை இறுக்கும் கயிறு வைக்கவில்லை. அளவு சரியாக இருந்தால் கயிறு தேவைப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

வட்ட ஊசியில் உடல் சுற்றிச் சுற்றி வளரும்போது எனக்குத் திருப்பூர் நினைவுக்கு வரும். உலகத்துக்கே குல்லா வைத்த பருத்திச் சட்டைகளை அனுப்பும் அந்த ஊரின் வட்டப் பின்னல் இயந்திரங்களும் இதையேதான் செய்கின்றன: கண்ணிக்குள் கண்ணி, தையலில்லாத குழாயாக இறங்கும் துணி. ஆனால் அங்கே துணியை வெட்டித்தான் கையும் குல்லாவும் உருவாகின்றன. வெட்டிய துண்டு கழிவாகிறது. கையில் பின்னும்போது கண்ணியைக் கூட்டியும் குறைத்துமே வடிவம் வருவதால் கழிவு என்பதே இல்லை. 1,200 மீட்டரும் உடுப்பாகவோ உருண்டையாகவோ இருக்கிறது. எண்ணி வந்த நூலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் மாதிரித் துண்டுக்குச் செய்த அதே சலவை. நனைந்த கம்பளி கனமாக இருக்கும். தோளைப் பிடித்துத் தூக்கினால் நீண்டுவிடும் என்பதால் இரண்டு கைகளாலும் அடியில் ஏந்தி எடுக்க வேண்டும். கட்டிலில் துண்டு விரித்து, 104 செ.மீ. சுற்றளவுக்கு 52 செ.மீ. அகலம் வரும்படி அளந்து வைத்து, குல்லாவுக்குள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். கொடைக்கானலில் பனிமூட்டம் இருக்கும் வாரத்தில் இது காய்வதற்குப் பொறுமை வேண்டும். அடியில் இருக்கும் துண்டை அடிக்கடி மாற்றினால் ஈர வாடை பிடிக்காது. கொடியில் மட்டும் போடவே கூடாது.

வீடியோ அழைப்பில் போட்டுக் காட்டியபோது மதினி முதலில் குல்லாவைத் திருப்பிக் காட்டச் சொன்னார். "மேல ஜாயின்டே தெரியலையே, எப்படிப் போட்ட?" என்று கேட்டார். நடுப்பட்டை போகும் வழியைக் கேமராவுக்கு அருகில் பிடித்து, கண்ணி கண்ணியாகக் காட்டினேன். அடுத்த முறை வரும்போது சாம்பல் நிற நூல் கொண்டு வருவதாகவும், குல்லாவைத் தானே என்னிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப்போவதாகவும் சொல்லியிருக்கிறார். "எத்தனை சிட்டம் வேணும்னு இப்பவே சொல்லிரு" என்றார். அவருடைய மார்பளவும் கை நீளமும் வேண்டும் என்றேன். அளந்து அனுப்புவதாகச் சொன்னார்.

தராசில் கடைசியாக நின்ற எண் 14 கிராம். அதை மாதிரித் துண்டோடு சேர்த்து, வசம்புத் துண்டும் வேப்பிலையும் போட்ட பையில் வைத்திருக்கிறேன். முழங்கை தேய்ந்தால் அதே மந்தையின் நூலில் இழை ஓட்ட அது போதும். போதாவிட்டால் மாதிரித் துண்டைப் பிரித்தால் இன்னும் 20 கிராம் கிடைக்கும்.